ஏட்டி, சாப்ட்டியா?

ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ் என்றால் எஃப்எம் ஓடும். காலை ஷிஃப்டுக்குப் போகும் எல்லா பஸ்ஸிலும் ஒரே ஸ்டேஷன், ஒரே நிகழ்ச்சி: பழைய பாட்டு, நேயர் விருப்பம். தண்டலத்திலிருந்து வரும் எங்கள் பஸ்ஸில் கேட்கும் பாட்டுதான் வாலாஜாபாத்திலிருந்து வரும் பஸ்ஸிலும் கேட்கும். அந்த பஸ்ஸில் என் தங்கை வந்துகொண்டிருந்தாள். அதை நம்பித்தான் ஸ்டேஷனுக்கு போன் போட்டேன்.

அவளைத் தூத்துக்குடியிலிருந்து இங்கே வேலைக்குக் கூட்டி வந்தவள் நான். ஒரே ரூமில்தான் இருந்தோம். அவள் ஒருவனை விரும்புவது வீட்டுக்குத் தெரிந்துபோனது. போட்டுக்கொடுத்தது நான்தான் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். சத்தியமாக நான் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாலாஜாபாத் போனவள் என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டாள். நேரில் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரேடியோவை யாராலும் பிளாக் செய்ய முடியாதே என்று நினைத்தேன். பெரிய மூளை எனக்கு!

முதல் முறையே லைன் கிடைத்துவிட்டது. "அது நான் இல்லட்டி" என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். ஊரே கேட்கும் என்ற பயத்தில் வாயில் வந்தது வேறு.

"ஏட்டி, சாப்ட்டியா?"

அறிவிப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏட்டின்னா இன்னா சிஸ்டர், புதுசா எதுனா டிகிரியா?"

எங்கள் பக்கம் தங்கச்சியை அப்படித்தான் கூப்பிடுவோம் என்றேன். அவளுக்குப் பிடித்த பாட்டைப் போட்டார். நல்ல மனுஷன். பிறகு என் குரல் கேட்டாலே "ஏட்டி அக்கா வந்துட்டாங்கப்பா" என்பார். சொல்லவேண்டியதை மட்டும் ஒருநாளும் சொல்ல முடியவில்லை. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றே ஓட்டினேன்.

அடுத்த முறை வரவில்லை. ஒரு திங்கட்கிழமை ஸ்டேஷனே தலைகீழாக மாறியிருந்தது. இனிமேல் புதுப்பாட்டு மட்டும்தானாம். நேயரும் இல்லை, விருப்பமும் இல்லை. அந்த மனுஷன் எங்கே போனார் என்றுகூட யாரும் சொல்லவில்லை. பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் நடுவே ஒட்டுப்போட மட்டும் பழைய நேயர்களின் குரல்களை வெட்டி வைத்திருந்தார்கள். அதில் என்னுடையதும் ஒன்று. "ஏட்டி, சாப்ட்டியா?" பின்னாலேயே கூட்டமாக ஒரு சிரிப்பு.

கோபம் தலைக்கேறியது. ஆனாலும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. நான் போன் போடாமலே என் குரல் நாள் முழுக்க அவளைக் கூப்பிடுகிறதே.

பிறகு அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. உடனே திறந்தேன்.

"எக்கா, ரேடியோல அந்தச் சத்தத்த நிறுத்தச் சொல்லு. அது நீதான்னு பஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. என்னைய ஏட்டின்னுதான் கூப்பிடுதாவ. அசிங்கமா இருக்கு."

"போட்டுக்கொடுத்தது நான் இல்லட்டி" என்று உடனே அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது. மறுபடி பிளாக் செய்துவிட்டாள்.

என் குரலை எடுத்துவிடுங்கள் என்று ஸ்டேஷனுக்கு வாட்ஸ்அப்பில் கெஞ்சினேன். "நன்றி! தொடர்ந்து கேளுங்கள்!" என்று பதில் வந்தது. இரண்டாவது முறை கெஞ்சியபோதும் அதே நன்றிதான்.

இன்று காலையும் பஸ்ஸில் அது வரும் நேரம் தெரிந்து, "டிரைவர் அண்ணே, ரேடியோவ கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்றேன்.

"இன்னாம்மா, நல்லாத்தானே கீது" என்று அவர் சத்தத்தைக் கூட்டினார்.

சாப்ட்டியா என்று ரேடியோவில் நான் கேட்டேன். பஸ் மொத்தமும் ஒரே குரலில் "சாப்ட்டேன்க்கா!" என்றது.