முழங்கால் எண்ணெய்

மருந்துப் போத்தலின் லேபிளை உரித்தது நான்தான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் போட முடியாது.

எந்தக் குளிசைக்கும் என் முதுகு வலி கேட்கவில்லை. கடைசியில் டாக்டர் கஞ்சாவிலிருந்து எடுத்த எண்ணெய் எழுதித் தந்தார்; இந்த நாட்டில் அது சட்டப்படி மருந்துதான். பார்மசியில் என் பெயர், டாக்டரின் பெயர், எத்தனை சொட்டு என்று எல்லாம் அச்சடித்து ஒட்டித்தான் தந்தார்கள். ஆனால் மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் வெள்ளிக்கிழமைச் செபக்கூட்டம் வீடு வீடாக வரும். செபம் முடிந்ததும் அக்காமார் உரிமையோடு குசினிக்குள் நுழைந்து, அலுமாரியெல்லாம் திறந்து தேத்தண்ணி போடுவார்கள். புருஷனைப் பிரிந்தவள் என்ற பேர் போதாதென்று கஞ்சாக்காரி என்ற பேரும் வேண்டுமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது! ஏழு வயது மகளிடம், "ஆரும் கேட்டால் முழங்கால் எண்ணெய் எண்டு சொல்லு, என்ன?" என்றேன்.

"அப்ப ஏன் நாக்குக்குக் கீழ விடுறீங்கள்?"

"வாயை மூடு" என்றேன்.

ஒரு சனிக்கிழமை அவளைக் கூட்டிப்போக வந்த தகப்பன் லேபிள் இல்லாத அந்தப் போத்தலைக் கண்டு, திறந்து மணந்து பார்த்துப் படம் எடுத்தார். பிறகு குடும்ப நீதிமன்றத்தில் மனு: வீட்டில் போதைப்பொருள் இருக்கிறது, பிள்ளை தன்னோடு இருக்க வேண்டும். நான் பயப்படவில்லை. டாக்டரின் கடிதம் கையில் இருந்தது. நீதிபதியும் அதை ஏற்றுக்கொண்டார்.

மருந்து தப்பியது, நான் அகப்பட்டேன். பிள்ளைக்கென்று நீதிமன்றம் வைத்த லோயர் அவளோடு தனியே பேசியிருந்தார். மூன்று தரம் கேட்டும் அவள் முழங்கால் எண்ணெய் என்றே சாதித்திருக்கிறாள். பொய் சொல்லப் பழக்கும் தாய் இன்னும் எதையெல்லாம் ஒளிக்கிறாளோ என்று அவர் எழுதிவிட்டார். நுணல் தன் வாயால் கெட்டதாம். நான் வாயைப் பொத்திக் கெட்டேன். விசாரணை முடியும்வரை பிள்ளை தகப்பனிடம். எனக்குச் சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம், நியூ லின்னில் ஒரு அறையில், கண்காணிக்கும் பெண்மணியின் முன்னால். அவருக்கு விளங்காத மொழியில் கதைக்கக் கூடாது.

முதல் சனிக்கிழமை மகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். காதுக்குள், தமிழில், "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை அம்மா" என்றாள்.

அந்தப் பெண்மணி பேனாவை எடுத்தார். பிள்ளை என்ன சொன்னாள் என்று கேட்டார்.

"பசிக்கிறதாம்" என்றேன் ஆங்கிலத்தில்.

மகள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவரிடம் திரும்பி, "யெஸ், வெரி ஹங்க்ரி" என்றாள்.