கொடிக்கு அடுத்தது சுவர்

எலெக்ட்ரானிக் சிட்டி பிஜி விடுதியில், கட்டிலில் மல்லாந்தபடி உலக நீச்சல் போட்டியின் ஆண்கள் பேக்ஸ்ட்ரோக் இறுதிச்சுற்றை ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் நானும் அதைத்தான் நீந்தினேன். மல்லாந்து நீந்துபவனுக்குச் சுவர் தெரியாது. சுவருக்குச் சற்று முன்னால் குளத்துக்கு மேலே கட்டிய கொடிகளைக் கடந்ததும் கைவீச்சை எண்ணித்தான் தொடவேண்டும். திரையில் கொடிகள் வந்தன. பாழாய்ப்போன பழக்கம், என் கையும் தலைக்குப் பின்னால் வீசிச் சுவரில் மோதியது. "அம்மா" என்றேன்.

"என்னங்க, அடிபட்டுடுச்சா?" சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து அறைக்காரர் கேட்டார்.

"இல்லைங்க, சும்மா கை பட்டுடுச்சு."

ஒரு வருஷமாக மாடிப்படியில் அவரும் நானும் அரைகுறை இந்தியில்தான் பேசிவந்தோம்.

மறுநாள் படியில் எதிரெதிரே வந்தோம். இந்தியிலேயே நலம் விசாரித்துவிட்டு இறங்கிப் போனார்.