ஒரகடத்தில் உப்புத் தண்ணீர் குடித்த நெல்

2011 மார்ச் 13, ஞாயிறு. காலை ஆறரைக்குத் தாம்பரத்தில் பேருந்து ஏறினேன். ஒரகடத்துக்குப் பத்து ரூபாய். இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். படப்பை தாண்டியதும் பனி கவிந்துவிட்டது. சாலையோரம் புதுக் கார்களைச் சுமந்த நீண்ட லாரிகள் நின்றன; வெள்ளை உறைக்குள் ஒவ்வொரு காரும் கண்மூடிக் கிடந்தது போலிருந்தது. எதிரே வந்த கம்பெனி பஸ்களில் நைட் ஷிப்ட் முடித்தவர்கள் கண்ணாடியில் தலை சாய்த்து உறங்கியபடியே போனார்கள்.

பக்கத்து இருக்கையில் ஒரு தூத்துக்குடி இளைஞர், உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. உப்புத் தண்ணீரில் நெல் வளர்ப்பதைப் பார்க்கப் போகிறேன் என்றதும் சிரித்துவிட்டார்.

"எங்க ஊர்ல அதுல உப்புதான் அண்ணாச்சி வெளையும்!"

வளர்ப்பவர் கலைச்செல்வி, என் கல்லூரித் தோழி. உவர் ஏறிய கடலோர வயலிலும் விளையும் நெல்லை உருவாக்குவது அவருடைய பல வருட வேலை. கூட்டுரோட்டிலிருந்து பத்து நிமிட நடையில், தொழிற்சாலை மதிலுக்கும் தொழிலாளர் தங்கும் மாடிக்கும் நடுவே, அவர் வாடகைக்கு எடுத்த காலிமனை. பாதியாக அறுத்த நீலப் பேரல்களில், பேரலுக்கு ஒரு வகை நெல். நாற்று வேர்பிடித்ததிலிருந்து கல்லுப்பு கரைத்த நீர்தான். அதிலும் வாடாமல் பூப்பதன் மகரந்தத்தை, நல்ல சோறு தரும் ரகத்தின் கதிரில் சேர்க்க வேண்டும். மே மாதம் மனைக்காரர் இங்கே அறைகள் கட்டப்போகிறார். இந்தப் பூப்பைத் தவறவிட்டால் எல்லாம் முதலிலிருந்து, வேறெங்கோ.

நான் போனபோது கலைச்செல்வி உப்பு அளக்கும் கருவியோடு அசையாமல் நின்றிருந்தார். பேரல்களில் விளிம்பு வரை உப்பு நீர் நிறைத்துவிட்டுப் போனவர், பத்து நாள் வெளியூரில் இருந்துவிட்டு முந்தின மாலைதான் திரும்பியிருக்கிறார். பெண் கதிராக வைத்த அந்த நல்ல ரகத்தின் பூக்களில் மகரந்தப் பைகளை நீக்கிக் காகித உறை மாட்டுவதற்குள் வெளிச்சம் போய்விட்டது. விடிந்து பார்த்தால் எல்லாப் பேரல்களும் ஒரே பச்சை. அளந்த வரையில் எதிலும் உப்பில்லை.

"எல்லம்மா, இதுல யாராச்சும் தண்ணி ஊத்துனாங்களா?"

மனையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்துத் தெரு எல்லம்மா பெருமையோடு வந்தார். "நான்தாம்மா. இன்னா பண்றது, சுருண்டுகினு கெடந்துச்சி. தெனம் சாயங்காலம் வூட்லருந்து நல்ல தண்ணி எடுத்தாந்து ஊத்தினேன். இப்ப பாரு, எப்டி கீதுன்னு!"

ஊற்ற ஊற்ற உப்பெல்லாம் பேரலின் அடித்துளை வழியே போய்விட்டிருந்தது. கலைச்செல்வி மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"தாங்கறது எதுன்னு இனிமே எப்படிடா கண்டுபிடிப்பேன்?" என்றார் என்னிடம்.

"உப்பு குடுத்து சாவடிக்கிறதாம்மா படிப்பு?" என்றார் எல்லம்மா.

கலைச்செல்வி எழுந்து மிச்சப் பேரல்களை அளந்தார். மதிலோரத்துக் கடைசிப் பேரலில் எண் ஏறியது. பழைய உப்பு அப்படியே இருந்தது.

"இதுக்கு ஊத்தலையா?"

"அதுக்கு எதுக்கு? அது பாட்டுக்கு ஜம்முனு நின்னுகினு இருந்திச்சி. வாடுனதுக்கே தண்ணி பத்தல."

கலைச்செல்வி எல்லம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வாடிய மற்றவற்றுள் ஒன்று தானாகவே தேறியிருக்குமோ என்பது இனித் தெரியப்போவதில்லை. இது போதும் என்றார்.

பத்து மணிக்குப் பனி விலகியது. மதிலுக்கு அப்பால் இயந்திரங்கள் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தன. அந்தக் கடைசிப் பேரலில் நெற்பூக்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கலைச்செல்வி கதிரை வெட்டி, உறை நீக்கிய பெண் கதிரின் மேல் மெல்லத் தட்டினார். வெயிலில் புகைபோல் மஞ்சள் தூள் எழுந்து இறங்கியது. உறையை மறுபடி மாட்டும்வரை நாங்கள் மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம்.

"இதுக்கு மட்டும் நான் ஒண்ணுமே தரலியேம்மா. ஒரு சொம்பு நல்ல தண்ணி ஊத்தட்டா?"

"ஊத்து. ஆனா இதை" என்று உப்பு நீர்க் குவளையை நீட்டினார் கலைச்செல்வி. எல்லம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டே ஊற்றினார்.

தாம்பரத்தில் என் வீட்டுக் குழாயிலும் உவர்நீர்தான். முகம் சுளிக்காமல் ஒருநாளும் வாய் கொப்பளித்ததில்லை. மறுநாள் காலையும் சுளித்தேன். ஆனால் துப்பாமல் ஒரு கணம் வாயிலேயே வைத்திருந்தேன். அந்நேரம் அந்தக் காகித உறைக்குள் ஒரு மணியாவது கருக்கொண்டிருக்க வேண்டும்.