சஹனில் ஒரு வலது கை

மதுரையில் உதவி கிடைப்பது சுலபம். கிடைக்காமல் தப்பிப்பதுதான் கஷ்டம். நடுத்தெருவில் வண்டி நின்றால் தள்ளுவதற்கு எட்டுப் பேர் வருவார்கள். டேங்கில் பெட்ரோல் இல்லை என்று சொன்னாலும் தள்ளுவார்கள். காஜிமார் தெரு ஆயிஷா சித்திகா ஒன்பது வயதுக்குள் இந்த ஊரின் அன்பை ஆயுளுக்கும் சேர்த்து அனுபவித்துவிட்டாள்.

பிறந்தபோதே வந்த மூளை முடக்குவாதம். வலது காலில் லேசான இழுப்பு. வலது கையில் கெட்டிப் பூட்டு. கட்டைவிரல் உள்ளே மடங்கிக் கிடக்கும், மற்ற நாலும் அதன்மேல் இறுகும். யாராவது உற்றுப் பார்த்தால் இன்னும் இறுகும். எழுத, தலை வார, தம்பியை அறைய எல்லாம் இடது கைதான்.

சாப்பாடுதான் சிக்கல். வலது கையால் சாப்பிடுவது வழக்கம். முடியாதவர்கள் இடது கையால் சாப்பிடலாம், குற்றமில்லை என்று பள்ளிவாசல் இமாமே சொல்லிவிட்டார். சொந்தக்காரர்கள் அந்தக் கைக்கும் வேலை வைக்கவில்லை, ஊட்டிவிட்டார்கள். ஒரு கல்யாணத்தில், நாலு பேர் ஒரே பெரிய தட்டைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் சஹனில், மூன்று மாமிகள் மூன்று பக்கமிருந்தும் பிரியாணி திணித்தார்கள். அதில் சுல்தான் பீவி மாமியின் உருண்டைதான் பெரிது.

வீட்டுக்கு வந்து அழுதாள். "அத்தா, எனக்கு வாய் மட்டும்தான் இருக்கா?"

பாத்திரக்கடை முகமது யாசீன் மகளின் கண்ணைத் துடைக்க வந்தார்; அந்தக் கையையும் ஆயிஷா தள்ளிவிட்டாள்.

"சின்ன மாமி கல்யாணத்துல என் வலது கையாலதான் திம்பேன். முடியலேன்னா சஹன்லயே உக்கார மாட்டேன்."

அந்தக் கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. கே.கே. நகர் தெரபிஸ்ட் ஹெப்சிபா, தினமும் ஒரு மணி நேரம் இடது கைக்குக் காலுறை மாட்டச் சொன்னார். நல்ல கை கட்டப்பட்டால் சோம்பேறிக் கை வேலைக்கு வந்தாக வேண்டும். யாசீன் அதற்கென்றே நாற்காலியும் மேசையும் செய்து வாங்கினார். வலது கை ஸ்பாஞ்சை எடுத்தது, மரக்கட்டையை எடுத்தது. சோறு மட்டும் பாதி வழியில் கொட்டியது. மகள் முகம் சுருங்கினால் போதும், யாசீன் காலுறையை உருவிவிடுவார்.

"அண்ணே, எனக்கு அவ கேஸே இல்ல. நீங்கதான் கேஸ்" என்றார் ஹெப்சிபா.

திருந்திய யாசீன், கல்யாணத்துக்கு முந்தின நாள் சொந்தம் அம்புட்டுக்கும் போன் போட்டார்: "யாரும் ஊட்டக் கூடாது."

யாரும் ஊட்டவில்லை. பார்த்தார்கள். பெண்கள் பந்தியில் இருபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கையையே பார்த்தார்கள். கை கல்லாக இறுகியது. ஆயிஷா எழுந்து போகப் பார்த்தாள். பிறகு கோபம் வந்தது.

"மாமி, அவுங்கவுங்க சோத்தைப் பாருங்க! ஆறுது!"

இருபது தலைகளும் குனிந்தன. எல்லோரையும் போல ஆயிஷாவும் வலது முழங்காலை நிமிர்த்திக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முழங்கை அதன்மேல் சாய்ந்தது. தாங்கல் கிடைத்ததும் மணிக்கட்டு தட்டை நோக்கித் தொங்கியது. தொங்கியதும் விரல்கள், ஒவ்வொன்றாக, தாமாகவே அவிழ்ந்தன.

பக்கத்து சஹனில், விருந்துக்கு வந்திருந்த ஹெப்சிபாவின் வாயருகே கவளம் அப்படியே நின்றது. "மூணு மாசமா புள்ளைய நாற்காலியில உக்கார வச்சிருந்தேனே!"

முதல் பிடியில் பாதி தட்டிலேயே விழுந்தது. மீதி வாய்க்குப் போனது. கண்ணெதிரே நிலா இறங்கி வந்திருந்தாலும் ஹெப்சிபாவுக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிந்திருக்காது.

ஆறாவது பிடியில் ஒரு கறித்துண்டு அகப்பட்டது. ஆயிஷா அதைத் தின்னவில்லை. விரல் நடுங்க நடுங்கத் தட்டின் குறுக்கே தள்ளிக்கொண்டே போய், எதிரே இருந்த சுல்தான் பீவியின் பக்கம் சேர்த்தாள்.

"சாப்புடுங்க மாமி. எம்புட்டு மெலிஞ்சு போயிட்டீங்க!"

தொண்ணூறு கிலோ சுல்தான் பீவி, மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார்.