சவர்க்கார டாங்கியும் கெண்டை மீனும்

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் என் மனைவி பதினான்கு வருடம் மரக்கறி போட்டுவந்த துண்டு நிலத்தைத் தோட்ட நிர்வாகம் ஒரு நாள் காலையில் திருப்பி எடுத்துக்கொண்டது. 'திருப்பி' என்ற சொல் கண்டாக்குடையது. ஏதோ நாங்கள் இரவல் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றியதைப் போல அதைச் சொன்னார். கண்டாக்கு என்பவர் தோட்டத்தை நடத்தும் துரைக்குக் கீழே நின்று மலையில் வேலை வாங்குகிறவர். எங்கள் கண்டாக்குக்கு அதோடு சேர்த்து நோட்டீஸ் ஒட்டுகிற வேலையும் உண்டு. தோட்டத்து மண்ணில் அனுமதி இல்லாமல் பயிர் செய்யக்கூடாது, அந்த இடத்தில் தேயிலை நடப்படும் என்று நோட்டீஸ் சொன்னது. லயத்துக்காரர்களின் பாத்திகள் இன்னும் பதினொன்று இருந்தன. எங்களுடையது தேயிலையை ஒட்டி ஓரத்தில் கிடந்ததால் முதலில் மாட்டியது.

நான் தலவாக்கலை டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிறவன். தோட்டத்தில் பெயர் பதிந்திருப்பது என் மனைவிக்கு. நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் அவளுடைய வேலையால் கிடைத்தது; நான் அதில் ஒண்டிக்கொண்டிருக்கும் ஆள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்தால் முதலில் பின்பக்கம் போய் லீக்ஸையும் பீன்ஸையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் என் முகத்தைப் பார்ப்பாள். நிலம் போன பிறகு அவள் அழுதிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன். அவள் டீவியில் நாடகம் பார்க்கத் தொடங்கினாள். கதையும் அவளுக்குப் புரியவில்லை, யார் யாருக்கு மாமியார் என்று கேட்கவும் இல்லை. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

நோட்டீஸை மூன்று தடவை வாசித்தேன். மண்ணில் பயிர் செய்யக்கூடாது. சரி, மண்ணே இல்லாமல் செய்தால்? என் மூளையை நானே மெச்சிக்கொண்ட நாட்களில் அன்றைக்குத்தான் முதலிடம். தொட்டியில் மீன் வளர்த்து, அந்த அழுக்குத் தண்ணீரை மோட்டாரால் மேலே ஏற்றி, சல்லிக்கல்லில் செடி வளர்க்கிற வித்தையைப் போனில் ஒருவர் செய்து காட்டியிருந்தார். கல்லுக்குள் குடியேறும் கிருமிகள் மீனின் கழிவை உரமாக்கும், செடி அதை உறிஞ்சிக்கொள்ளும், சுத்தமான தண்ணீர் மறுபடி மீனிடம் இறங்கும். இதை மனைவிக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன்.

"அந்தக் கீரைய நீங்களே தின்னுங்க," என்று சொல்லிவிட்டு டீவிப் பக்கம் திரும்பினாள்.

கடைக்குப் பின்னால் ஆயிரம் லீட்டர் பிளாஸ்டிக் டாங்கி ஒன்று இரும்புக் கூட்டுக்குள் சும்மா கிடந்தது. கொழும்புப் பக்கத்திலிருந்து திரவச் சவர்க்காரம் கொண்டுவந்த டாங்கி. முதலாளியின் காலைப் பிடித்து வாங்கி, லொறியில் ஏற்றி, லிந்துலை வழியாகத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். லயத்தின் கோடியில் யாருக்கும் பயன்படாத ஒரு சீமெந்துத் தளம் இருந்தது. அதன்மேல் இறக்கினோம். மண்ணைத் தொடக்கூடாது என்பதில் நான் ஒரு வக்கீலைவிடக் கவனமாக இருந்தேன்.

கழுவத் தொடங்கியபோதுதான் சவர்க்காரம் எவ்வளவு விசுவாசமான பொருள் என்று தெரிந்தது. நாலு நாள் கழுவினேன், நாலு நாளும் நுரை வந்தது. லயத்துப் பெண்கள் போர்வை, திரைச்சீலை, போன தீபாவளியிலிருந்து தண்ணீர் காணாத கம்பளி என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நுரை கழிவுநீர்க் கானில் இறங்கி, வளைவில் திரும்பி, கண்டாக்கு பங்களா வாசலைக் கடந்து போனது. பக்கத்துக் காம்பரா அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தார். லயத்திலேயே பெரிய பாத்தியும் பெரிய வாயும் அவருக்குத்தான்.

"தம்பி, மீன் வளந்தா அலசாமலே சட்டியில போடலாம் போல," என்றார்.

நுரை நின்ற பிறகு டாங்கியின் மேல்பக்கத்தைக் கிரைண்டரால் வெட்டி எடுத்தேன். வெட்டிய துண்டைக் கவிழ்த்துக் கூட்டின்மேல் ஒரு பக்கமாகத் தள்ளி வைத்ததும் அது ஆழமில்லாத தட்டாகிவிட்டது. அதில் சல்லிக்கல்லைக் கொட்டி, தண்ணீர் நிறைந்ததும் தானாகவே வடிகிற மாதிரி ஒரு குழாய் பொருத்தினேன். பைப் வேலையில் மட்டும் என்னைக் குறை சொல்ல முடியாது. இருபது வருடம் எல்போவும் சொக்கட்டும் எடுத்துக் கொடுத்தே காலம் கழித்தவன் நான்.

மீனுக்கு மஸ்கெலியா போனேன். அங்கே நீர்த்தேக்கத்தில் வலை போடுகிற ஒருவர் கெண்டைக் குஞ்சுகள் முப்பதை இரட்டைப் பையில் தண்ணீரோடு கட்டிக் கொடுத்தார். ஹட்டன் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் சமைக்கவா என்று கேட்டார். லீக்ஸ் வளர்க்க என்றேன். அவர் எழுந்து பின்சீட்டுக்குப் போய்விட்டார்.

நட்டவை எல்லாம் ஒரு மாதத்தில் மஞ்சளடித்தன. அப்போது நான் செய்த காரியத்தைத் தேயிலைக்காட்டில் பிறந்தவனைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். பிறந்ததிலிருந்து என் காதில் விழுந்த ஒரே விவசாயப் பாடம், செடிக்குப் புளிப்பு மண் வேண்டும் என்பது. செடி என்றால் தேயிலை, வேறென்ன செடி இருக்கிறது? பேக்டரியில் சலித்து ஒதுக்கிய தேயிலைக் கழிவு இரண்டு சாக்கு கொண்டுவந்து கல்லின்மேல் பரப்பினேன். மறுநாள் டாங்கி நிறையப் பிளேன்டீ.

"சீனி போட்டாச்சா தம்பி?" என்று பக்கத்துக் காம்பரா அக்கா கேட்டார்.

மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஐந்து செத்து மிதந்தன. நான் டாங்கியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் நாடகம் கேட்கவில்லை போலிருக்கிறது, என் மனைவி வெளியே வந்தாள். விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள்.

"தேயிலைக்குத்தான் புளிப்பு வேணும். லீக்ஸ் பாத்திக்கு நான் எத்தன வருசமா டொலமைட் போட்டேன், ஒருநாளாச்சும் வந்து பாத்தீங்களா?"

நான் பார்த்ததில்லை. கறிச்சட்டியில் வந்த பிறகுதான் லீக்ஸோடு எனக்குப் பழக்கம். கவ்வாத்து வெட்டிய மலையில் புளிப்பை முறிக்கத் தூவுகிற அந்த வெள்ளைப் பொடியை ஒரு பழைய துணியில் முடிந்து தண்ணீரில் தொங்கவிட்டாள். பாதித் தண்ணீரை மாற்றச் சொன்னாள். கழிவை ஒரு துணுக்கு விடாமல் என்னைப் பொறுக்க வைத்தாள். அன்றிலிருந்து டாங்கியின் துரை அவள், நான் கூலி. ஒரு வாரத்தில் மீன்கள் இரைக்கு வந்தன. இரண்டு மாதத்தில் லீக்ஸ் நிமிர்ந்தது, சலாது இலை விரிந்தது, புதினா பக்கத்துச் செடிகளின் கழுத்தை நெரித்தது. டீவிக்கு ஓய்வு கிடைத்தது. அவள் கல்லுக்குள் விரலை விட்டு வேர்களோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து, நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒரு நாள் கண்டாக்கு வந்தார். டாங்கியைச் சுற்றிவந்து குனிந்து கீழே பார்த்தார். கல்லைக் கிளறிப் பார்த்தார்.

"மண்ணு எங்க?"

"மண்ணே இல்லீங்க ஐயா. நோட்டீஸ்ல மண்ணுல நடக்கூடாதுன்னுதான இருக்கு."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்துத்தான் அந்தத் தொனியில் சொன்னேன். அவரோ பல்லைக் காட்டிச் சிரித்தார். எல்லாப் பக்கமும் நின்று படம் எடுத்தார். இரண்டு நாள் கழித்து வேகமாக வந்து, என் தோளில் கையை வைத்தார். இருபது வருடத்தில் அந்தக் கை என் தோளைத் தொட்டது அதுதான் முதல்முறை.

"துரைக்கு ரொம்ப சந்தோசம். சனிக்கிழம நேர்ல பாக்க வாறாரு. எல்லாம் சரியா இருந்தா லயத்துக்கு ரெண்டு டாங்கி குடுத்துட்டு, மிச்சம் இருக்கிற பாத்தியையும் எடுத்துத் தேயில போட்டுரலாம். நீதான்யா முன்மாதிரி!"

முதல் பாதியோடு என் காது நின்றுவிட்டது. உள்ளே போய், துரை வரும்போது எந்தச் சட்டை போடலாம் என்று மனைவியிடம் கேட்டேன். அவள் முழுவதையும் கேட்டிருந்தாள்.

"பதினோரு வீட்டுப் பாத்திய வாங்கிக் குடுத்துட்டு வந்து சட்ட கேக்குறீங்க. மண்ணு இல்லாம நாங்க பொழச்சுக்குவோம்னு அவுங்களுக்கு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெட்கத்தில் காது சுட்டது. அவளுக்கு ஒரு பாத்தி தரப்போய், மற்றவர்களின் பாத்திக்கு நானே ஆப்பு அடித்திருந்தேன். நிர்வாகம் ஒட்டிய நோட்டீஸில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, அதை அவர்களுக்கே காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லயம் முழுக்க வேலை நடந்தது. கூப்பிட்டது என் மனைவி. டாங்கி தோற்றுவிட்டதாகத் துரைக்குக் காட்டும் யோசனை பக்கத்துக் காம்பரா அக்காவுடையது. மீன்களைப் பிடித்து வாளிகளில் விட்டு வீட்டுக்கு ஒன்றிரண்டாகப் பிரித்துக் கொடுத்தோம். இருபத்தைந்தில் இருபத்து நான்குதான் கிடைத்தது. பெரிய கெண்டை ஒன்று கடைசிவரை கைக்கு அகப்படவில்லை. செடிகளை வேரோடு பிடுங்கினோம். பிடுங்கியது அவள்தான். ஒவ்வொன்றாக, மண்ணில்லாத அந்த வேரைத் தட்டித் தட்டி எடுத்தாள். வாடியவற்றில் நாலைந்தை மட்டும் தட்டில் செருகி வைத்தோம். மோட்டாரைக் கழற்றிவிட்டோம்.

சனிக்கிழமை துரை காலைப் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்துவிட்டு வந்தார். பின்னால் சலவைச் சட்டையில் கண்டாக்கு. தட்டைப் பார்த்தார்கள். கண்டாக்கின் முகம் டொலமைட் நிறத்துக்குப் போனது.

"எல்லாம் செத்துருச்சுங்க சேர்," என்றேன். "இந்தக் குளிருக்குச் சரிவராது."

அந்த நேரம் பார்த்து அந்தப் பெரிய கெண்டை துரையின் மூக்குக்கு நேரே துள்ளி விழுந்தது. கொழுத்த மீன், உடம்பெல்லாம் ஆரோக்கியம். துரை என்னைப் பார்த்தார்.

"இது நேத்துக் கொண்டாந்தது சேர்," என்றேன். "உங்களுக்குக் காட்ட."

ஆக, முட்டாளாக மட்டும் நிற்க வேண்டியவன் மோசடிக்காரனாகவும் ஆனேன். பக்கத்துக் காம்பரா அக்கா முன்னால் வந்து, "சேர், மெயாட்ட பிஸ்ஸு," என்று எனக்குப் பைத்தியம் என்பதைத் துரைக்கு இன்னும் நன்றாகப் புரிகிற சிங்களத்தில் அறிவித்தார். அதற்குப் பிறகு ஆளாளுக்குத் தொடங்கினார்கள். கரண்ட் பில், நாற்றம், நுளம்புக்கடி, நுரை வந்த கதை. முதல்நாள் சொல்லிவைத்ததற்கு மேலேயே பேசினார்கள். சிலருடைய குரலில் இருந்த உண்மையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

கடைசியில் துரை என் மனைவியிடம் கேட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"மண்ணு இல்லாம ஒன்னும் வராதுங்க சேர்."

அவள் சொல்லும்போது எங்கள் கட்டிலுக்கடியில் அரை ஆள் உயரத்துக்கு லீக்ஸ் கட்டுக்கட்டாகக் கிடந்தது. பொய்தான். ஆனாலும் அவள் தன் வாழ்நாளில் அதைவிட மனதார எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

துரை போனார். கண்டாக்கு அன்றிலிருந்து என் தோளைத் தொடுவதில்லை. பதினொரு பாத்திகளும் இதுவரை தப்பித்திருக்கின்றன. மீன்கள் டாங்கிக்குத் திரும்பின. யாராவது கேட்டால் அது குடிதண்ணீர் டாங்கி. லயத்தில் என் பெயர் பிஸ்ஸு. கடைக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நானும் என்ன வேண்டும் என்று கேட்கிறேன்.

எங்கள் துண்டு மட்டும் திரும்பவில்லை. அடுத்த வாரம் அங்கே கன்று நடப் பெரட்டில் பெயர் வாசித்தார்கள். நாலாவது பெயர் என் மனைவியுடையது. வேண்டுமென்றே செய்தார்களா, இல்லை அவர்களுக்கு அது யாருடைய பாத்தி என்ற நினைவே இல்லையா, தெரியாது. இரண்டாவதுதான் இருக்க வேண்டும் என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. போகாதே என்றேன். நாள் பெயர் விழாதே, அன்றைய கூலி போய்விடுமே என்றாள். போனாள்.

சாயங்காலம் முழங்கை வரை மண்ணோடு வந்தாள். என்ன கேட்பது என்று தெரியாமல், வேலை எப்படி என்றேன்.

"குழி வெட்ட லேசா இருந்துச்சு. நல்ல மண்ணுல்ல. கன்னு அத்தனையும் புடிச்சுக்கும், பாருங்க."

அதைப் பெருமையோடுதான் சொன்னாள். அந்தப் பெருமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.