எதிர்க்கரை மருத்துவர் உண்ட மூன்று தட்டு

ஒப்ரென் தாடி வளர்த்த காரணம் த்ரென்யாக் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 1906 ஜனவரியில் அதை வளர்க்கத் தொடங்கினான். அந்த மாதத்தில்தான் சாவா ஆற்றின் எதிர்க்கரையில் அவனுடைய நூற்று நாற்பத்தாறு பன்றிகளையும் சுட்டுச் சுண்ணாம்புக் குழியில் தள்ளினார்கள்.

அவன் குடும்பம் இரண்டு தலைமுறையாகப் பன்றி வியாபாரம் செய்தது. காட்டில் ஓக் கொட்டை தின்று கொழுத்த மந்தையைக் குளிர்காலத்தில் துறைக்கு ஓட்டி வருவார்கள். பிறகு படகில் ஏற்றி, எதிர்க்கரை ரயிலடியில் பெட்டிகளில் அடைத்துப் புடாபெஸ்டுக்கு அனுப்புவார்கள். அந்தத் தண்டவாளம் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுடையது. செர்பியாவின் பன்றிக்கு வேறு நல்ல வழி அப்போது இல்லை. அந்தக் குளிர்காலத்தில் பெல்கிரேடு பல்கேரியாவோடு சுங்க உடன்படிக்கை செய்துகொள்ள முனைந்தது. பீரங்கியை எந்த நாட்டில் வாங்குவது, ரயில் பாதை போட எவரிடம் கடன் எடுப்பது என்ற பேச்சிலும் வியன்னாவின் விருப்பத்துக்கு அது இணங்கவில்லை. வியன்னா சினந்தது. சினத்தைச் சினம் என்று சொல்வது அரசுகளின் வழக்கமில்லை. செர்பியப் பன்றிகளுக்குக் கொள்ளைநோய் என்று சொல்லி எல்லையை மூடினார்கள்.

ஒப்ரெனின் மந்தை அப்போது ஆற்றைக் கடந்து பரிசோதனைக் கொட்டகையில் நின்றிருந்தது. ஹால்மோஷ் என்ற கால்நடை மருத்துவர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வாசலோடு நின்றார்.

"ஐயா, ஒண்ணோட நாக்கையாவது இழுத்துப் பாருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றான் ஒப்ரென்.

"பாக்க வேண்டியதெல்லாம் வியன்னாவுலயே பாத்தாச்சுப்பா" என்றார் மருத்துவர். மூன்று முறை முத்திரை குத்தி ஒரு தாளை அவன் கையில் கொடுத்தார். மந்தை முழுவதற்கும் கொள்ளைநோய் என்று அதில் எழுதியிருந்தது. அன்று மாலைக்குள் கொட்டகை காலியாயிற்று.

ஒப்ரென் தாளோடு வீடு திரும்பினான். அதை நான்காக மடித்து, கிழக்குச் சுவரில் மாட்டியிருந்த அதிதூதர் மிக்கேலின் படத்துக்குப் பின்னால் செருகினான். "அந்த டாக்டரு மண்ணைக் கவ்வுறத என் கண்ணால பாக்குற வரைக்கும் என் மூஞ்சில கத்தி படாது" என்று படத்தின் முன் சொன்னான். மந்தையோடு அனுப்பாமல் விட்ட சினைப் பன்றி ஒன்றுதான் பட்டியில் மிஞ்சியிருந்தது. கறுப்பி என்று அதற்குப் பெயர்.

இரண்டு ஆண்டு முடிவதற்குள் தாடி நெஞ்சைத் தொட்டது. கறுப்பியின் குட்டிகளும் அவற்றின் குட்டிகளுமாகப் பட்டி மீண்டும் நிறைந்தது. படகோட்டி பந்தேலியா தினமும் கேலி செய்வான்: "என்ன ஒப்ரென் அண்ணே, தாடிக்குள்ள காடை குஞ்சு பொரிச்சிருச்சா? அந்த டாக்டரு மண்ணைக் கவ்வுறதுக்குள்ள நீங்க சாமியாராப் போயிருவீங்க போல!"

"சிரிச்சுக்கடா. அவன் ஒரு நாள் உன் படகுல ஏறுவான். அன்னிக்கு எனக்குச் சொல்லு, போதும்."

"சொன்னா என்ன செய்வீங்க?"

ஒப்ரென் இடுப்புக் கத்தியைத் தட்டிக் காட்டுவான். அவன் மனைவி ஸ்தமேனா அதைப் பார்க்கும்போதெல்லாம் சிலுவைக் குறி போட்டுக்கொள்வாள்.

1907 நவம்பரில், ஊரின் பழைய நாட்காட்டிப்படி எட்டாம் தேதி, அதிதூதர் மிக்கேலின் நாள் வந்தது. ஒப்ரென் குடும்பத்தின் காவல் புனிதர் அவர். அந்த நாளை ஸ்லாவா என்பார்கள். ஸ்லாவாவுக்கு எவரையும் அழைப்பதில்லை; வருகிறவர் எவரானாலும் புனிதரின் விருந்தாளி. காலையில் ஏற்றிய பெரிய மெழுகுவர்த்தி எரிந்து முடியும் வரை வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. தலையில் தொப்பியில்லாமல் நின்றுகொண்டே பரிமாற வேண்டும். கத்தியை அன்று இடுப்பில் வைப்பதும் இல்லை. ஒப்ரென் அதை உத்தரத்தில் செருகிவிட்டு, தேனும் அக்ரூட்டும் கலந்த அவித்த கோதுமைக் கிண்ணத்தோடு வாசலில் நின்றான்.

நண்பகலுக்குள் ஆற்றில் பனிமூட்டம் இறங்கியது. எதிரே நிற்பவன் முகம் தெரியவில்லை. பந்தேலியா படகைக் கட்டிவிட்டு, நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பயணியை அழைத்து வந்தான். "அண்ணே, ஷபாட்ஸ் சந்தையிலேருந்து அக்கரைக்குப் போறவரு. மூட்டம் கலையுற வரைக்கும் இங்க இருக்கட்டும்னு கூட்டியாந்தேன்" என்றான். அவன் குரலில் ஏதோ தடுமாற்றம் இருந்தது.

வந்தவர் கம்பளிக் கழுத்துத் துணியை அவிழ்த்தார். ஹால்மோஷ்.

அவருடைய பைக்குள்ளிருந்து ஒரு பன்றித்தொடையின் எலும்பு எட்டிப் பார்த்தது. எல்லை மூடியபின் அக்கரையில் இறைச்சி விலை ஏறிவிட்டிருந்தது. கிறிஸ்துமஸ் மேசைக்குத் தொடை வாங்க மருத்துவர் கமுக்கமாக ஆற்றைக் கடந்திருந்தார். ஒப்ரென் அசையாமல் நின்றான். அவர் அவனை ஏறிட்டுப் பார்த்துச் சிரித்தார். கொட்டகையில் தம்மிடம் கெஞ்சிய மழித்த முகத்தை அந்தத் தாடிக்குள் அவரால் அடையாளம் காண முடியவில்லை.

ஸ்தமேனா அடையாளம் கண்டுகொண்டாள். முகம் வெளுத்துச் சமையலறை வாசலுக்கு வந்து, "என்னங்க, மெழுகுவர்த்தி எரியுது" என்றாள் மெதுவாக.

"தெரியும். தட்டு எடு" என்றான் ஒப்ரென். பிறகு வந்தவர் முன் கிண்ணத்தை நீட்டினான். "வாங்க ஐயா. முதல்ல ஒரு கரண்டி கோதுமை. அப்புறம் ரக்கியாச் சாராயம், அப்புறம் சாப்பாடு."

மேசையைச் சுற்றிப் பதினோரு பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்கு வந்தவரைத் தெரியும். எல்லோரும் ஒப்ரெனின் கையையே பார்த்தார்கள். அந்தக் கை வறுத்த பன்றியின் விலாவை அறுத்து மருத்துவரின் தட்டில் வைத்தது. தட்டு காலியானதும் மீண்டும் வைத்தது. மூன்றாம் முறை தொடையின் கொழுப்புள்ள பகுதியை வைத்தது.

ஹால்மோஷ் மீசையைத் துடைத்தார். "இந்த மாதிரி கறி புடாபெஸ்டுல கிடையாது. சத்தியமாச் சொல்றேன். என்ன போட்டு வளக்குறீங்க?"

"ஓக் கொட்டை. ஆத்துத் தண்ணி. இது எங்க கறுப்பியோட பேரன் ஐயா. அவளோட கூடப்பொறந்தது ஏழு அக்கரைக்குப் போச்சு. ஒரே பட்டி, ஒரே தொட்டி."

"நல்ல வம்சம்" என்றார் ஹால்மோஷ். இன்னொரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"உடம்புக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

"கறி சுத்தமா இருக்குப்பா. நான் இதுல டாக்டர். எனக்குத் தெரியாதா?"

ஒப்ரென் படத்துக்குப் பின்னால் கைவிட்டு நான்காக மடித்த தாளை எடுத்தான். விரித்து, காலித் தட்டின் மேல் வைத்தான். மூன்று சிவப்பு முத்திரைகளும் மங்காமல் இருந்தன. மருத்துவர் அதைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"பயப்படாதீங்க, மெழுகுவர்த்தி எரியுது. இந்தக் கூரைக்குக் கீழ உங்க மேல ஒரு தூசி படாது" என்றான் ஒப்ரென். பிறகு மேசையின் மறுகோடியில் இருந்த பள்ளி ஆசிரியர் ஸ்வேதொசாரிடம் திரும்பினான். "வாத்தியாரே, பேனா இருக்கா? நம்ம விருந்தாளி என்ன சாப்பிட்டாரு, என்ன சொன்னாருன்னு ஒரு வரி விடாம எழுதுங்க. பாத்தவங்க எல்லாரும் கீழ பேரு போடட்டும்."

ஆசிரியர் தயங்கினார். "ஒப்ரென், இன்னிக்கு வேண்டாமே. நாளைக்கு எழுதிக்கலாம்."

"அவரு எனக்கு நாள் பாத்தா எழுதிக் குடுத்தாரு?"

ஆசிரியர் எழுதினார். நாள், இடம், மூன்று தட்டு, 'கறி சுத்தமாக இருக்கிறது' என்ற சொல், பைக்குள் இருந்த தொடையின் எடை. ஆறு பேர் பெயர் எழுதினார்கள். ஐவர் கைநாட்டு வைத்தார்கள். ஹால்மோஷ் ஒருமுறை, "எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க" என்றார். "எனக்கு நூத்து நாப்பத்தாறு இருந்துச்சு" என்றான் ஒப்ரென். மூட்டம் கலைந்ததும் பந்தேலியா அவரைப் படகேற்றினான். பன்றித்தொடையை ஒப்ரென் தன் கையாலேயே தூக்கி அவர் மடியில் வைத்தான்.

ஆசிரியர் எழுதியது ஷபாட்ஸ் செய்தித்தாள் ஒன்றில் வந்தது. அங்கிருந்து அக்கரைச் செய்தித்தாளுக்கும் போயிற்று. நோய்ப் பன்றி என்று எல்லையை மூடிய அரசின் மருத்துவர் அதே பன்றியை மூன்று தட்டு உண்டார் என்று ஆற்றின் இரு கரைகளிலும் சிரித்தார்கள். ஈஸ்டருக்கு முன் ஹால்மோஷ் வேலையிழந்தார். ஒப்ரென் துறைக்குப் போய், அவர் குடும்பத்தோடும் மூட்டைகளோடும் ரயிலேறுவதை இக்கரையிலிருந்து கடைசி வரை பார்த்தான். பிறகு நாவிதனிடம் போனான். எல்லை அவனுக்காகத் திறந்துவிடவில்லை.

1908 நவம்பரில் மீண்டும் அதிதூதரின் நாள் வந்தது. போஸ்னியாவை ஆஸ்திரியா தன்னோடு சேர்த்துக்கொண்ட மாதத்துக்கு அடுத்த மாதம் அது. எங்கும் போர்ப் பேச்சு. ஸ்தமேனா முப்பது பேருக்குச் சமைத்தாள். ஒப்ரென் கோதுமைக் கிண்ணத்தோடு வாசலில் நின்றான்.

நண்பகல் கடந்தது. பந்தேலியா மட்டும் வேலிக்கு வெளியே நின்று தொப்பியைக் கழற்றினான்.

"உள்ள வாடா."

"இல்லண்ணே, படகுல வேலை கிடக்கு."

"ஆத்துல ஒரு ஈ காக்கா இல்ல, என்னடா வேலை?"

பந்தேலியா தரையைப் பார்த்தான். "தப்பா நினைக்காதீங்கண்ணே. அந்தாளுக்கு நேர்ந்தது சரிதான்னுதான் ஊரே சொல்லுது. ஆனா ஸ்லாவாவுல தின்னத உங்க வீட்டுல எழுதி வைப்பாங்கன்னும் சொல்லுது. நானும்தான கைநாட்டு வச்சேன். அதுக்கப்புறம் யாரு வீட்டுலயும் எனக்குச் சோறு இறங்கல."

அவன் போனான். வறுத்த பன்றி ஆறிக் கொழுப்பு வெள்ளையாக உறைந்தது. ஸ்தமேனா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. யாரும் வரப் போறதில்ல. கத்தியால குத்தியிருந்தாக்கூட ஊரு மன்னிச்சிருக்கும்."

ஒப்ரென் மழித்த மோவாயைத் தடவினான். "அவன் நாளைக்கே திரும்ப வந்தாலும் எழுதத்தான் செய்வேன்" என்றான்.

மெழுகுவர்த்தியில் இன்னும் பாதி மிச்சமிருந்தது. அவன் தொப்பியில்லாமல், கிண்ணத்தைக் கையில் ஏந்தி, காலி மேசையின் அருகே நின்றுகொண்டே இருந்தான்.