மூன்றடிக் கல்லறையும் மேலூர்க் கல்லும்

அருவி, கோயில், பரோட்டாக் கடை என்று எழுதிக்கொண்டிருந்தவள் இந்த முறை ஒரு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறேன். முகம் சுளிக்காதீர்கள். பழைய சர்ச் பதிவேடுகளில் முன்னோரைத் தேடுவது எப்படி என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் அதிகம். அவர்களுக்கு இது பயன்படும். ஆகஸ்ட் கடைசி வாரம், ஒரு வியாழனும் வெள்ளியும், திருச்சியிலிருந்து தனியாகப் போனேன்.

முதலில் எங்கள் குடும்பக் கதை. நாங்கள் ஜெர்மன் வம்சம். நாற்பத்தாறு வருடமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் அப்பாவின் தாத்தா ஹெர்மன் துரை ஜெர்மனியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், மிஷன்காரர்களோடு கப்பலேறி வந்து, சோழவந்தான் பக்கம் நிலம் வாங்கிக் கிணறு வெட்டி, உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே மண்ணாகிப்போனார் என்பது கதை. அப்பா கொஞ்சம் வெளுப்பு. அது போதாதா சாட்சிக்கு? பள்ளிக்கூடத்தில் சொன்னேன், கல்லூரியில் சொன்னேன், என் கல்யாணப் பேச்சில் அப்பா சொன்னார். 'நீங்க என்ன ஆளுக?' என்ற கேள்வி வரும் இடத்திலெல்லாம் இந்த ஜெர்மன்காரர் முன்னால் வந்து நின்றுகொள்வார். அதற்குத்தான் அவர் எங்களுக்குத் தேவைப்பட்டார் என்பதை இப்போது எழுதுகிறேன். அப்போது அப்படி யோசித்ததில்லை.

ஒவ்வொரு வருடமும் நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று, ஊருக்குப் போய்த் துரையின் கல்லறைக்கு மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். கல்லின் கீழ்ப்பாதி உடைந்துபோய்விட்டது. மேலே பழைய ஜெர்மன் எழுத்தில் ஏதோ கிறுக்கல், அதற்குக் கீழே ஹெர்மன் என்று மட்டும் மல்லுக்கட்டிப் படிக்கலாம். இந்த வருடம் புதுக் கல் வைத்துவிட வேண்டும் என்றார் அப்பா. அவருக்கு எண்பத்து மூன்று வயது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சொன்னால் சொன்னதுதான். 'ஹெர்மன், ஜெர்மனி' என்று போட்டால் போதும் என்றார். பிறந்த தேதியும் இறந்த தேதியும் இல்லாமல் என்ன கல் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

"ரிஜிஸ்டரெல்லாம் கரையான் தின்னுருக்கும் பாப்பா. வீண் அலைச்சல்," என்றார் அப்பா. இரண்டு மூன்று தடவை சொன்னார்.

வியாழன் காலை 6 மணிக்குத் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் மதுரை பஸ் ஏறினேன். மேலூரில் இறங்கும்போது மணி 8.10. கல் அங்கேதான் சொல்லியிருந்தோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவுக்கு 60 ரூபாய். பட்டறை வைத்திருக்கும் முருகேசன் அண்ணன் கருங்கல்லைப் பாதி மெருகேற்றி வைத்திருந்தார். மூன்றடி உயரம், இரண்டடி அகலம்.

"எழுத்து என்னன்னு சொன்னீங்கன்னா வெட்டிருவேன். ஆனா ஒண்ணும்மா, வெட்டுனா வெட்டுனதுதான். பொறவு தப்புன்னா கல்லத்தான் மாத்தணும்," என்றார்.

மறுநாள் திரும்பும்போது எழுதிக் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு, எதிரே இரண்டு இட்லி சாப்பிட்டு, அடுத்த பஸ்ஸில் மாட்டுத்தாவணி போனேன். முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் 30 ரூபாய்க்கு மதுரைக்குள், எங்கள் ஊர் மிஷன் பதிவேடுகளை வைத்திருக்கும் ஒரு பழைய சர்ச்சுக்கு. பெயர் வேண்டாம், அலுவலகத்தில் கேட்டுக்கொண்டார்கள். ஆயரிடம் முன்கூட்டியே கடிதம் வாங்கியிருந்தேன். கடிதம் இல்லாமல் போகாதீர்கள், வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

அலுவலகத்தில் ஸ்டெல்லா மேடம் என்று ஒருவர் நான்கு பெரிய பதிவேடுகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார். கரையான் ஒரு தாளைக்கூடத் தொடவில்லை. போட்டோ எடுக்கக் கூடாது, பேனா கூடாது, பென்சிலில் எழுதிக்கொள்ளலாம் என்றார். அடக்கப் பதிவேட்டை எடுத்தேன். ஹெர்மன் என்ற பெயரைத் தேடித் தேடி 11 மணி வாக்கில் கண்டுபிடித்தபோது, அசட்டுச் சந்தோஷம் ஒன்று வந்தது. பிறகு முழு வரியையும் படித்தேன்.

அன்னா. விவசாயி ஹெர்மன் துரையின் மகள். வயது எட்டு மாதம். காய்ச்சல்.

ஹெர்மன் துரை என்ற பெயரில் வேறு அடக்கமே இல்லை. ஸ்டெல்லா மேடம் குடும்பப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். ஹெர்மன், மனைவி, இரண்டு பையன்கள். ஓரத்தில் வேறு கையெழுத்தில் ஒரு குறிப்பு: போர் காரணமாகக் குடும்பத்தோடு தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவ்வளவுதான் எங்கள் ஜெர்மன் வம்சம். பிள்ளையை இங்கே புதைத்துவிட்டுக் கப்பலேறிப் போயிருக்கிறார்கள்.

அந்தக் கல்லறை மூன்றடி நீளம்தான். நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆறடி மனுசனுக்கு இம்புட்டுக் கல்லறையா என்று சின்ன வயதில் கேட்டதற்கு, பாதி மண்ணுக்குள் போய்விட்டது என்றார் அப்பா. நானும் என் பிள்ளைகளுக்கு அதையே சொன்னேன். எட்டு மாதக் கைக்குழந்தையை மூன்று தலைமுறையாகப் பாட்டன் என்று கும்பிட்டிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. மேடம் தண்ணீர் கொடுத்தார்.

அப்படியானால் நாங்கள் யார்? தாத்தாவின் அப்பா பெயர் தேவசகாயம் ஹெர்மன் என்று தாத்தாவின் பழைய சான்றிதழ் ஒன்றில் பார்த்த ஞாபகம் இருந்தது. துரை தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டார் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தோம். ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினோம். 1 மணிக்கு அதுவும் கிடைத்தது. ஒரே நாளில் இரண்டு பேர், அடுத்தடுத்த வரி. மூக்கன், வயது சுமார் முப்பது, ஹெர்மன் துரை தோட்டத்தில் கமலை ஓட்டுகிறவர், புதுப் பெயர் தேவசகாயம். சின்னான், மேற்படியாரின் தம்பி, அதே தோட்டத்தில் கூலி, புதுப் பெயர் பாக்கியநாதன். ஞானஸ்நானத்தின்போது மூக்கனுக்குத் தகப்பன் ஸ்தானத்தில் நின்ற ஞானத்தகப்பன் ஹெர்மன் துரை. அந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. சாதியும் எழுதியிருந்தது. எந்தச் சாதி என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இவ்வளவு வருடம் ஜெர்மனியை இழுத்தோமோ, அந்தச் சாதி.

மூக்கன் என் கொள்ளுத்தாத்தா என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்து, மகனைப் படிக்க வைத்த மனிதர். ஆனால் அடுத்த வரியில் இருந்த பாக்கியநாதன் என்ற பெயரை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் திருச்சி வீட்டு கேட்டில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. "பாக்கியநாதன் பேரன் வந்துருக்கேன்னு அப்பாகிட்டச் சொல்லும்மா," என்றார். உள்ளே போய்ச் சொன்னேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நான் இல்லன்னு சொல்லிரு. அவங்க நம்ம தோட்டத்துல வேல பாத்தவங்க. வந்தா சும்மா போகமாட்டாங்க," என்றார். நான் போய் அப்பா இல்லை என்று சொன்னேன். உட்காருங்கள் என்று சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அவரும் சரிம்மா என்று போய்விட்டார்.

பதிவேடுகளை மூடிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். லாட்ஜில் அறை 900 ரூபாய், ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரம், சுத்தமாக இருந்தது. வேறு எங்கும் சுற்றவில்லை.

வெள்ளி காலை 7.20க்குச் சோழவந்தான் டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. அங்கிருந்து ஊர் 7 கிலோமீட்டர், ஆட்டோ போக வர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து 350 ரூபாய் பேசினேன்.

"செர்மன்காரரு கல்லறையா? இன்னைக்கிப் பூட்டியிருக்குமேக்கா," என்றார் ஆட்டோக்காரர். "சாவி ஞானமுத்து அண்ணன்கிட்டதான் கெடக்கும். கொடிக்கால்ல இருப்பாரு."

நாங்கள் போகும் நவம்பர் 2இல் கேட் எப்போதும் திறந்தே இருக்கும். யார் திறந்தார்கள் என்று ஒரு வருடம்கூட யோசித்ததில்லை. கொடிக்காலில் வெற்றிலைக் கொடியை அகத்தியில் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அன்று மஞ்சள் பையோடு எங்கள் கேட்டில் நின்றவர் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவருக்கும்தான்.

"ஜோசப் அண்ணன் மகதான? மூஞ்சி அப்படியே இருக்கு," என்றார். கையைக் கழுவிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

போகிற வழியில் நான் பயணக் கட்டுரை எழுதுகிறவள் என்பதிலிருந்து பதிவேட்டில் பார்த்தது வரை எல்லாம் கொட்டினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "அது பிள்ளக் கல்லறைன்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்மா. வருசா வருசம் நாந்தான் சுண்ணாம்பு அடிக்கிறேன்," என்றார்.

"மூக்கனை எங்கேய்யா அடக்கம் பண்ணினாங்க?"

அவர் கேட்டைத் திறந்து உள்ளே போய், வேப்ப மரத்தடியில் நின்றார். பிள்ளைக் கல்லறையிலிருந்து நாலடி தள்ளி ஒரு மண்மேடு. கல் கிடையாது, சிலுவை கிடையாது. சுற்றிலும் புல் செதுக்கியிருந்தது.

"இந்தா, இதான். பக்கத்துல எங்க தாத்தா," என்றார். "நீங்க வந்தா கூடைய எறக்கி வைப்பீங்கள்ல, அந்த எடம்."

கூடையை மட்டுமா வைத்தோம்? நிழலாக இருக்கிறது என்று செருப்பையும் அங்கேதான் கழற்றிப் போடுவோம். துரை கல்லறைக்கு முன்னால் செருப்போடு நிற்கக் கூடாதாம். வீட்டார் பத்துப் பதினைந்து பேர் செருப்பும் அந்த மேட்டின் மேல்தான் கிடக்கும்.

"நீங்க சொல்லியிருக்கலாமேய்யா," என்றேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

"சொல்லத்தான் ஒரு தடவ வந்தேன். மக கல்யாணம். மூத்த வழிக்குத்தான மொதப் பத்திரிக்க வைக்கணும்? பங்காளி வந்து நின்னாத்தான முறை? நீதான் வெளிய வந்த. அப்பா இல்லன்ன." அவர் குரல் கொஞ்சமும் மாறவில்லை. "அண்ணன் செருப்பு வாசல்ல கெடந்துச்சு. சரி, போவோம்னு வந்துட்டேன்."

மன்னிச்சிருங்கய்யா என்றேன்.

"என்னத்த அய்யா? முறைக்கு நான் ஒனக்குச் சித்தப்பன்."

அந்த ஒரு வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. வெட்கமா, பழக்கமில்லாததாலா, தெரியவில்லை. அதற்குப் பதில் கல்லைப் பற்றிப் பேசினேன். மேலூரில் தயாராக இருக்கிறது, மூக்கன், சின்னான் இரண்டு பேர் பெயரையும் வெட்டி இங்கே வைக்கலாம், நவம்பரில் நீங்கள் முன்னால் நிற்க வேண்டும் என்று என்னென்னவோ சொன்னேன்.

"வைக்கிறதுன்னா வைங்க. எங்களுக்கு எடம் தெரியும்," என்றார். கேட்டைப் பூட்டினார். "ஊர் பேர எங்கயும் எழுதிறாத. கண்டவனும் வந்து கேட்டத் தொறங்கம்பான். வேல கெடக்கு, வாரேன்."

மதியம் 1.30க்கு மேலூரில் இறங்கினேன். முருகேசன் அண்ணன் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு தயாராக இருந்தார். எழுத்து இன்னும் முடிவாகவில்லை அண்ணே என்றேன். "போயி பாத்துட்டு வாரேன்னீங்க?" என்றார். பார்த்துவிட்டேன், அதனால்தான் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வரும்போது மணி 5. அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எட்டு மாதப் பிள்ளை, மூக்கன், சின்னான், வேப்பமரத்தடி எல்லாம் சொன்னேன். யார் காட்டினார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. அப்பா பேப்பரை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஞானமுத்து என்ன சொன்னான்?" என்றார்.

அந்தப் பெயரை நான் எடுக்கவே இல்லை. உங்களுக்கு எல்லாம் தெரியுமாப்பா என்று கத்திவிட்டேன். அன்றைக்கு ஏன் என்னை அனுப்பி அப்படிச் சொல்ல வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"அந்த வீட்டு ஆளுக வந்தா எங்கப்பா உள்ள போயிருவாரு. நான்தான் வாசலுக்குப் போயி இல்லன்னு சொல்லணும். ஆறு வயசுலேர்ந்து சொன்னேன் பாப்பா," என்றார். அதற்குமேல் என்னால் சண்டை போட முடியவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஆயர் கடிதத்துக்குப் பத்து நாள் முன்பே எழுதுங்கள். பென்சில், பூதக்கண்ணாடி, தண்ணீர் பாட்டில் அவசியம். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்றையும் பாருங்கள். தேடிய வரி கிடைத்ததும் மூடிவிடாமல் அடுத்த வரியையும் படியுங்கள். வீட்டில் பெரியவர்கள் வேண்டாம் என்று இரண்டு தடவைக்குமேல் சொன்னால், முதலில் அவர்களிடமே உட்கார்ந்து கேளுங்கள், நான் கேட்கவில்லை. சோழவந்தான் பக்கம் போக நவம்பர் நல்ல மாதம்தான், குடை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லறைத் தோட்டத்தில் செருப்பைக் கேட்டுக்கு வெளியே கழற்றிவிடுங்கள்.

கல் இன்னும் மேலூரில் பெயரில்லாமல்தான் இருக்கிறது. நேற்று அப்பா, கார் வைத்துத் தன்னைச் சோழவந்தான் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார். கல்லறைக்கு இல்லை, ஞானமுத்து வீட்டுக்கு. அடுத்த சனிக்கிழமை போகிறோம். நாங்கள் வாசலில் நிற்கும்போது, உள்ளேயிருந்து யாராவது வந்து அவர் வீட்டில் இல்லை என்று சொன்னால், அவர் செருப்பு அங்கே கிடந்தாலும் பார்க்காத மாதிரி, சரிம்மா என்று சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.